முதல் நாள் வலி

“மாத்திரை போட்டேன், கேட்கவே இல்லை.”

மாதவிடாய் வலியைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருத்தி இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்போது போட்டாய்? அதற்கு வரும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். விடியற்காலையிலேயே இழுக்க ஆரம்பித்தது, பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்தேன், பத்து மணிக்கு மேல் சுருண்டு படுத்துவிட்டேன், இனி முடியாது என்றபோது ஒன்று போட்டேன், அதுவும் வாந்தியோடு வெளியே வந்துவிட்டது.

இதில் மாத்திரையின் குற்றமும் இல்லை, அவள் குற்றமும் இல்லை. பொறுத்துக்கொள்வது முதல் மருந்து, மாத்திரை கடைசி மருந்து என்று நாம்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். இந்த வலி உடம்புக்குள் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால், அந்த வரிசை தலைகீழ் என்பதும் தெரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கருப்பையின் உள்சுவரில் மாதந்தோறும் ஒரு சவ்வு மெத்தைபோல் தடித்து வளர்கிறது. கரு தங்கவில்லையென்றால் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு இறங்கிவிடும். அது இறங்கியதும் அந்தச் சவ்வில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உற்பத்தியாகத் தொடங்குகிறது. கருப்பைத் தசையைச் சுருங்கவைப்பது அதன் வேலை. சுருங்கினால்தான் உதிர்ந்த சவ்வும் ரத்தமும் வெளியேறும். எல்லாப் பெண்களுக்கும் இது நடக்கிறது. சிலருக்கு அந்தப் பொருள் அளவுக்கு மீறி உண்டாகிறது. அவர்களுக்குத்தான் அடிவயிறு கல்போல இறுகுகிறது.

ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதை நினைத்துப் பாருங்கள். தசை அப்படி இறுகும்போது அதற்குள் ஓடும் ரத்தக்குழாய்களும் நெரிபடுகின்றன. கடும் வலியுள்ள பெண்களின் கருப்பைக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். அது 150 மி.மீ. பாதரச அளவையும் தாண்டியிருக்கிறது. நம் ரத்த அழுத்தத்தில் மேல் எண்ணே 120தான். ரத்தத்தைத் தள்ளும் விசையைவிட நெரிக்கும் விசை அதிகமாக இருந்தால், அந்த நேரத்துக்குத் தசைக்குப் போதிய ரத்தம் போகாது, ஆக்சிஜன் போகாது. ஆக்சிஜன் கிடைக்காத தசை வலிக்கும். மாரடைப்பின்போது நெஞ்சு வலிப்பதற்கும் இதே காரணம்தான். “சும்மா வயித்துவலி” என்று யாராவது சொல்லும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

புரோஸ்டாகிளாண்டின் கருப்பையோடு நின்றுவிடுவதும் இல்லை. ரத்தத்தில் கலந்து குடலுக்குப் போனால் குடலும் முறுக்கிக்கொள்கிறது. முதல் நாள் நாலைந்து தடவை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருப்பது அதனால்தான். குமட்டல், வாந்தி, தலைவலி, தலைசுற்றல் எல்லாம் இதன் கிளைகள். இடுப்பிலும் உள்தொடையிலும் இழுப்பது வேறு காரணத்தால்: கருப்பையின் நரம்புகளும் அந்த இடங்களின் நரம்புகளும் தண்டுவடத்தில் பக்கம் பக்கமாகச் சேர்வதால் மூளைக்கு வலி அங்கிருந்தும் வருவதாகத் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “வயசுக்கு வந்த புதுசுல நல்லாத்தானே இருந்தா, இப்போ மட்டும் என்ன?” என்று வீடுகளில் கேட்பதுண்டு. பெண் நடிக்கிறாளோ, பள்ளிக்கூடம் போகப் பிடிக்கவில்லையோ என்ற சந்தேகம் அதற்குள் இருக்கும். பூப்பெய்திய தொடக்கத்தில் பல சுழற்சிகளில் கருமுட்டை வெளியாவதில்லை. முட்டை வெளியானால்தான் புரோஜெஸ்டிரோன் உயரும், உயர்ந்தால்தான் இறங்கும், இறங்கினால்தான் நான் மேலே சொன்னதெல்லாம் நடக்கும். அதனால் ஆறு மாதமோ, ஒன்றிரண்டு வருடமோ கழித்து வலி தொடங்குவதுதான் இயல்பு. அவள் நடிக்கவில்லை. அவள் கருப்பை முழு வேலையைச் செய்யத் தொடங்கியிருக்கிறது.

சந்தேகப்பட்டவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மேல்நாட்டு மருத்துவ நூல்களே இதை மனக்கோளாறு என்றன; பெண்மையை ஏற்க மறுக்கும் மனம்தான் வலியாக வெளிப்படுகிறது என்று எழுதின. புரோஸ்டாகிளாண்டினுக்கு அந்தப் பெயர் வந்தது 1930களில். சுவீடனைச் சேர்ந்த உல்ஃப் வான் ஆய்லர் ஆண்களின் விந்துத் திரவத்தில் அதைக் கண்டார். புரோஸ்டேட் சுரப்பியில் உண்டாகிறது என்று எண்ணி அந்தப் பெயரை வைத்தார். 1957இல் இங்கிலாந்தில் பிக்கிள்ஸ் என்ற ஆய்வாளர், மாதவிடாய்க் குருதியிலேயே தசையைச் சுருக்கும் பொருள் ஒன்று இருப்பதைக் காட்டினார். அது புரோஸ்டாகிளாண்டின்தான் என்று பின்னால் தெளிவானது. 1971இல் ஜான் வேன், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன என்று கண்டுபிடித்தார். 1982இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, இந்த வலிக்குக் காரணம் தெரிந்து, மருந்து தெரிந்து, மருந்து ஏன் வேலை செய்கிறது என்பதும் தெரிந்து அரை நூற்றாண்டு ஆகிறது. அது இன்னும் நம் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேரவில்லை என்பதுதான் எனக்குள்ள வருத்தம்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். மெஃபெனமிக் அமிலம், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். உடம்பில் புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கும் நொதியை இவை முடக்குகின்றன. கவனியுங்கள்: தயாரிப்பைத்தான் நிறுத்துகின்றன. ஏற்கெனவே தயாராகி, தசையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருக்கும் பொருளை இவற்றால் துடைத்தெடுக்க முடியாது. குழாயைத் திறந்துவிட்டு, வீடெல்லாம் தண்ணீர் நிரம்பிய பிறகு ஓடிப்போய்க் குழாயை மூடினால் தரை உடனே காய்ந்துவிடுமா? சுருண்டு படுத்த பிறகு போடும் மாத்திரையின் கதை அதுதான். போதாததற்கு, அந்த நேரத்தில் குமட்டலும் வந்துவிடுவதால் மாத்திரை வயிற்றில் தங்குவதே சந்தேகம்.

எனவே போட வேண்டிய நேரம், வலியோ உதிரப்போக்கோ தொடங்கிய உடனே. கறை தெரிந்ததும், அல்லது ‘இதோ வரப்போகிறது’ என்று அடிவயிறு சொல்லும் அந்த முதல் இழுப்பிலேயே. நாள் தவறாமல் வருகிறவர்கள், எதிர்பார்க்கும் தேதிக்கு முந்தைய நாளே தொடங்கலாம் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவர்கள் மட்டும் உதிரம் தெரிந்த பிறகே தொடங்க வேண்டும்.

ஒன்று போட்டுவிட்டு நிறுத்துவதும் இதே அளவு பொதுவான தவறு. புரோஸ்டாகிளாண்டின் அதிகமாக உண்டாவது முதல் 48 மணி நேரத்தில். ஒரு மாத்திரையின் வீரியமோ ஆறு முதல் எட்டு மணி நேரம். அதனால் முதல் இரண்டு நாள், தேவையானால் மூன்றாவது நாளும், வலி திரும்புகிறதா என்று காத்திருக்காமல் வேளாவேளைக்குப் போட வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமாக எழுதும் அளவு, மெஃபெனமிக் அமிலம் என்றால் 500 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஐபுப்ரோஃபென் என்றால் 400 மில்லிகிராம், ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளைக்கு 1,200க்கு மேல் போகக்கூடாது. எதுவானாலும் சாப்பிட்ட பிறகு. இட்லி இறங்கவில்லையென்றால் ஒரு வாழைப்பழமும் மோரும் போதும், வெறும் வயிறு மட்டும் வேண்டாம்.

நம் ஊர் மருந்துக்கடையில் “பீரியட்ஸ் வலிக்கு” என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் மெஃப்டால் ஸ்பாஸ். அதில் மெஃபெனமிக் அமிலம் 250 மில்லிகிராமும், டைசைக்ளோமின் என்ற தசைப்பிடிப்பு மருந்து 10 மில்லிகிராமும் இருக்கிறது. அதாவது நான் மேலே சொன்ன 500இல் பாதி. வலி முற்றிய பிறகு, பாதி அளவு, ஒரே ஒரு முறை: மாத்திரை கேட்கவில்லை என்பதில் என்ன வியப்பு? அதற்காக நீங்களாகவே இரண்டு இரண்டாகப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். டைசைக்ளோமின் கூடினால் வாய் வறட்சி, மயக்கம், கண் மங்கல் எல்லாம் வரும். ஒருமுறை மருத்துவரிடம் போய், எனக்கு எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு ஒருமுறை, எத்தனை நாள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டு பல மாதங்களுக்கு உதவும்.

சிலர் இந்தக் குடும்ப மருந்துகளைத் தொடவே கூடாது, அல்லது மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. வயிற்றுப்புண் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இதய நோயாளிகள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், ஆஸ்பிரின் வகை மாத்திரை போட்டு ஒருமுறையாவது மூச்சிரைப்பு வந்த ஆஸ்துமாக்காரர்கள், கர்ப்பிணிகள். மழைக்காலத்தில் நம் ஊருக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கையும் உண்டு. மாதவிடாயும் காய்ச்சலும் ஒன்றாக வந்தால், டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் தீரும்வரை இவற்றைப் போடக்கூடாது, ரத்தக்கசிவு கூடிவிடும். அந்த நேரத்தில் பாராசிட்டமால்தான் துணை. வலிக்கு அது சற்று மென்மையான மருந்துதான், ஆனால் பாதுகாப்பானது. தலைவலிக்கு ஒன்று, வயிற்றுவலிக்கு ஒன்று என்று இதே குடும்பத்து மாத்திரைகள் இரண்டைச் சேர்த்து விழுங்குவதும் தவறு.

2023 நவம்பர் இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபெனமிக் அமிலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது நினைவிருக்கலாம். தோல் தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டுதல் என்று தொடங்கி உள்ளுறுப்புகளையும் தாக்கக்கூடிய ‘டிரெஸ்’ என்ற ஒவ்வாமை சிலருக்கு வரலாம் என்பது அதன் சாரம். செய்தி பரவியதும் பலர் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்கள். அது அரிதான விளைவு. மருந்து தடை செய்யப்படவில்லை. மாத்திரை போட்ட சில வாரங்களுக்குள் உடம்பில் தடிப்பும் காய்ச்சலும் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும், மாத்திரை போட்டதையும் சொல்ல வேண்டும். அந்த எச்சரிக்கை நம்மிடம் கேட்பது அவ்வளவுதான்.

“மாத்திரை போட்டால் கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடும்” என்ற பயம் இருக்கிறது. முதலில், அது கெட்ட ரத்தமே கிடையாது. உதிர்ந்த சவ்வும் சாதாரண ரத்தமும்தான். இந்த மாத்திரைகளால் போக்கு கொஞ்சம் குறைவது உண்மை. உள்ளே தேங்குவதால் குறைவதில்லை, இழப்பே குறைகிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று அரசின் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அப்படியிருக்க, இழப்பு குறைவது நல்லதுதான். மாதத்தில் இரண்டு மூன்று நாள் போடுவதால் கருப்பை கெட்டுப்போகும், பிள்ளை பிறக்காது என்பதற்கும் ஆதாரம் இல்லை.

மாத்திரையை விட்டு ஒத்தடத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அத்தை இருந்தார். யாருக்கு வலி என்றாலும் கேள்வி கேட்கமாட்டார். இரும்புச் சட்டியில் கல்லுப்பையும் தவிட்டையும் வறுப்பார், பழைய வேட்டித் துணியில் முடிச்சுப் போடுவார், தன் கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு அடிவயிற்றில் ஒற்றியெடுப்பார். ஆறினால் இன்னொரு முடிச்சு தயாராக இருக்கும். வலி விட்டுக்கொடுக்கும்வரை எழுந்திருக்கமாட்டார். அது அன்பு என்று மட்டுமே நெடுங்காலம் நினைத்திருந்தேன். பிறகுதான், அவர் செய்தது மருத்துவமும்கூட என்று தெரிந்தது. 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சுமார் 39 டிகிரி செல்சியஸ் சூட்டை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் அடிவயிற்றில் வைத்திருந்த பெண்களுக்கு, மூன்று வேளை ஐபுப்ரோஃபென் போட்டவர்களுக்குக் கிடைத்த அளவு நிவாரணம் கிடைத்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு வலி இன்னும் விரைவில் குறையத் தொடங்கியது: மாத்திரை மட்டும் போட்டவர்களுக்கு ஏறத்தாழ 2.8 மணி நேரம் ஆக, இவர்களுக்கு 1.5 மணி நேரமே ஆனது.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, பெரிய சூடு தேவையில்லை. 39 டிகிரி என்பது காய்ச்சல்காரர் உடம்பின் சூடுதான். தோல் சிவக்கச் சிவக்கச் சுடவைப்பதால் கூடுதல் பலன் இல்லை. மாதாமாதம் அப்படிச் செய்தால் தோலில் வலைவலையாகக் கறுப்புத் தடம் விழுந்துவிடும். இரண்டு, நேரம் வேண்டும். ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் போதாது. ரப்பர் வெந்நீர்ப்பை என்றால் கொதிக்கும் நீர் ஊற்ற வேண்டாம், முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், காற்றை வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றி வையுங்கள். மின்சாரத்தில் சூடாகும் பை என்றால் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் உடம்பில் வைக்க வேண்டும்; அதன்மேல் படுத்துத் தூங்கக் கூடாது. விடுதியில் இதெல்லாம் இல்லாதவர்களுக்கு வெந்நீர்க் குளியல் உதவும். மாதவிடாயின்போது குளிக்கக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் ஏதும் கிடையாது.

அடுப்படி வைத்தியங்களில் எனக்கு மதிப்பு உண்டு, எல்லாவற்றின்மீதும் ஒரே அளவில் இல்லை. சுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இஞ்சிப் பொடியை முதல் மூன்று நான்கு நாட்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பல இருக்கின்றன. ஒரு நாளைக்கு முக்கால் கிராம் முதல் இரண்டு கிராம் வரை கொடுத்தபோது வலி குறைந்திருக்கிறது. இஞ்சியும் ஓரளவு புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது, குமட்டலையும் அடக்குகிறது. ஆகவே கருப்பட்டி போட்ட சுக்குக் காபிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் வலி முற்றுமுன் குடித்தால்தான் பலன். மோரில் வெந்தயம் விழுங்குவதற்குச் சிறு ஆய்வுகளின் துணை மட்டும் உண்டு. ஓமத் தண்ணீரும் பெருங்காய மோரும் வயிற்று உப்புசத்துக்கு இதம், அவ்வளவே. திருநெல்வேலிப் பக்கத்து உளுந்தங்களி, எள்ளுருண்டை இவை வலிநிவாரணிகள் இல்லை. ஆனால் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் இரும்பும் உள்ள நல்ல உணவுகள், மாதம் முழுக்கச் சாப்பிட வேண்டியவை. வைட்டமின் பி1 பற்றி இந்தியாவில் 500க்கு மேற்பட்ட இளம்பெண்களிடம் நடந்து 1996இல் வெளியான ஆய்வு ஒன்று, நாளுக்கு 100 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்தால் பெரும்பாலோர்க்கு வலி நின்றதாகச் சொன்னது. நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் ஒரே ஆய்வை வைத்து மற்ற சிகிச்சையை விட்டுவிட முடியாது.

ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம் என்பேன்: விளக்கெண்ணெய் குடிப்பது. “வயிறு சுத்தமானால் வலி நிற்கும்” என்று சில வீடுகளில் கொடுக்கிறார்கள். அந்த எண்ணெயிலிருந்து குடலில் பிரியும் அமிலம், புரோஸ்டாகிளாண்டின் எந்த வாசலில் போய்த் தட்டுகிறதோ அதே வாசலில் போய்த் தட்டுகிறது. குடலையும் கருப்பையையும் மேலும் சுருங்க வைக்கிறது. தொப்புளில் தடவுவது வேறு. அதனால் கெடுதல் இல்லை, சூடான கை அடிவயிற்றைத் தடவுவதே ஓர் இதம்.

நடமாட்டமும் உதவும். வலிக்கிற அன்றைக்கு ஓடச் சொல்லவில்லை. வாரத்தில் மூன்று நாளாவது முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தோ விளையாடியோ யோகா செய்தோ வருகிறவர்களுக்கு, சில மாதங்களில் வலி குறிப்பிடத்தக்க அளவு தணிகிறது என்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. வயசுக்கு வந்ததும் பெண்ணை மைதானத்திலிருந்து திரும்ப அழைத்துக்கொள்கிறோமே, அதற்கு அவள் உடம்பு கொடுக்கும் விலைகளில் இதுவும் ஒன்று.

இத்தனையும் செய்து போதவில்லையென்றால் அடுத்த படி ஹார்மோன் மாத்திரை. கருத்தடை மாத்திரை என்ற பெயரே நம் வீடுகளில் கதவைச் சாத்திவிடுகிறது. கல்யாணமாகாத பெண்ணுக்கு அதை எழுதினால் அம்மாவின் முகம் மாறிவிடும். அந்த மாத்திரை முட்டை வெளியாவதை நிறுத்தி, கருப்பைச் சவ்வை மெலிதாக வைக்கிறது. சவ்வு மெலிதானால் புரோஸ்டாகிளாண்டினும் குறைவு, போக்கும் குறைவு, வலியும் குறைவு. இங்கே அது வலிக்கான மருந்து. நிறுத்தினால் சுழற்சி திரும்பிவிடும். பிற்காலத்தில் குழந்தை பிறப்பதை அது கெடுப்பதில்லை. ரத்தக்கட்டு வந்தவர்கள், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்முன் மின்னல் தெரியும் வகை ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் எடுக்கக்கூடாது என்பதால் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். பிள்ளை பெற்ற பெண்களுக்கு ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம் ஒரு நல்ல வழி. காப்பர் டி அப்படியில்லை. அது சிலருக்கு வலியைக் கூட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் கருப்பையில் வேறு நோயில்லாத வலிக்கு. அந்த வலிக்கு ஒரு முறை உண்டு: உதிரம் தொடங்குவதற்குச் சற்று முன்போ கூடவோ வரும், முதல் நாள் உச்சத்தில் இருக்கும், மூன்று நாளைக்குள் அடங்கிவிடும், மற்ற நாட்களில் எட்டிப் பார்க்காது. இந்த முறையிலிருந்து விலகினால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகும் வலி, உதிரத்துக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கும் வலி, மாதவிடாய் முடிந்தும் தொடரும் வலி, மலம் கழிக்கும்போதோ சிறுநீர் கழிக்கும்போதோ அந்த நாட்களில் மட்டும் வரும் குத்தல், தாம்பத்திய உறவின்போது வலி, கட்டிகட்டியாகப் போகும் ரத்தம், முப்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி. இவற்றின் பின்னால் கருப்பைத் தசைக்கட்டி இருக்கலாம், சவ்வு தசைக்குள் புகுந்து வளரும் அடினோமயோசிஸ் இருக்கலாம், இடுப்புக்குழித் தொற்று இருக்கலாம், நம் நாட்டில் காசநோய்கூட இருக்கலாம்.

இவற்றில் அதிகம் தவறவிடப்படுவது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வைப் போன்ற திசு, சினைப்பை, குடல் என்று வெளியே வளர்ந்து, மாதந்தோறும் அங்கேயும் வீங்கி ரணமாகிறது. இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, உலகெங்கும் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் நோய் இல்லையென்று ஆகாது. தொடக்க நிலையில் பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது. வலி மாத்திரையும் ஹார்மோனும் கேட்காத இளம்பெண்களுக்கு, வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்தால், குறைந்தது மூன்றில் இரண்டு பேருக்கு இது இருப்பது தெரிகிறது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2018இல் எழுதியது. இப்படிப்பட்ட ஒருத்தியிடம்தான் “கல்யாணம் ஆனா சரியாயிடும், ஒரு பிள்ளை பெத்தா சரியாயிடும்” என்கிறோம். சாதாரண வலி பிரசவத்துக்குப் பிறகு பலருக்குக் குறைவது உண்மைதான். ஆனால் எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவளுக்குக் கருத்தரிப்பதே கடினமாகலாம். பத்து வருடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அதன்பின் குழந்தையில்லை என்று அவளையே குறை சொல்லும் கொடுமை நடக்கிறது.

சிறுமிகள் விஷயத்தில் இன்னொன்று. பெண் இன்னும் வயசுக்கு வரவில்லை, ஆனால் மாதம் தவறாமல் சில நாள் அடிவயிற்று வலி வருகிறது என்றால் உதிரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறவியிலேயே பாதை அடைபட்டிருப்பது சிலருக்கு உண்டு, சிகிச்சையும் உண்டு. பெரியவர்களுக்கு, நாள் தள்ளிப்போன பிறகு திடீரென்று ஒரு பக்கம் கடும் வலி, மயக்கம் என்றாலும், காய்ச்சலோடு துர்நாற்ற வெள்ளைப்படுதல் என்றாலும், அந்த நாளிலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ஒத்தடத்துக்கு வேலையில்லை.

இந்த அறிகுறிகள் இல்லாத மற்றவர்களிடம் நான் கேட்பது மூன்று மாத முயற்சி. அடுப்படிக் காலண்டரில் தேதியைக் குறியுங்கள். பக்கத்திலேயே வலிக்குப் பத்துக்கு எத்தனை, மாத்திரை எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு வலி விட்டது, எந்த வேலை கெட்டது என்று நாலு சொல். மகளின் பள்ளிப் பையில், நாப்கின் இருக்கும் அதே உறையில், மருத்துவர் எழுதிய மாத்திரையில் இரண்டையும் ஒரு பிஸ்கட் பொட்டலத்தையும் வையுங்கள். வகுப்பில் முதல் இழுப்பு வந்தவுடன் போட்டுக்கொள், வீட்டுக்கு வரும்வரை காத்திருக்காதே என்று சொல்லி அனுப்புங்கள்.

அப்படியும் அடங்காவிட்டால் மருத்துவரிடம் போகும்போது காலண்டர் தாள்களைக் கிழித்து எடுத்துப் போங்கள். “மாத்திரை போட்டேன், கேட்கவே இல்லை” என்பதற்குப் பதிலாக அவள் இப்படிச் சொல்லட்டும்: “மூணு மாசமா, தொடங்கின உடனே, சாப்பிட்டுட்டு, எட்டு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு நாள் போட்டேன் டாக்டர். வெந்நீர்ப்பையும் வச்சேன். அப்படியும் மாசத்துல ரெண்டு நாள் ஸ்கூலுக்குப் போக முடியல. ஏன்னு பாருங்க.”